மாமாவின் பென்ஷன்: 50 வயதில் எடுக்கலாமா, 58 வரை காத்திருக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரத்துக்கு வேற ஒரு தலைப்புதான் யோசிச்சு வச்சிருந்தேன். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் போனதுல அது மாறிப்போச்சு.

திண்டிவனம் அம்மாவோட பிறந்த வீடு. சாப்பிட்டு முடிச்சு வாசல்ல காத்தாட உட்கார்ந்திருந்தேன். எங்க மாமா உள்ள போய் ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல வச்சாரு. உள்ள பழைய சம்பளச் சீட்டு, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச பிஎஃப் சீட்டு, ஆதார் நகல்.

"மாப்ள, 50 வயசு ஆயிட்டா பிஎஃப் ஆபீஸ்ல பென்ஷன் குடுக்கறாங்களாமே? டீக்கடையில ஒருத்தர் 3,000 ரூபா குடுத்தா எல்லாம் முடிச்சுத் தரேன்னு சொல்றாரு. குடுத்துடட்டா?"

மாமாவுக்கு இப்போ 51 வயசு. மறைமலை நகர் பக்கம் ஒரு ஆலையில 16 வருஷம் வேலை பார்த்தாரு. தினமும் விடியக்காலை ரயில். 2021ல ஆலையில ஆள் குறைச்சப்போ இவரும் வெளிய வந்துட்டாரு. இப்போ திண்டிவனத்துலயே ஒரு ஹார்டுவேர் கடையில கணக்கு பார்க்கறாரு. பிஎஃப் கிடையாது. பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேரணும். அதனால மாசம் ஆயிரம் ரெண்டாயிரம் வந்தாலும் அவருக்குப் பெரிய விஷயம்தான்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. பிஎஃப் பத்தி எனக்குத் தெரிஞ்சது, கம்பெனி மாறும்போது ஒரு பட்டனை அழுத்தணும்ங்கறது மட்டும்தான். அன்னிக்கு மாமா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. "ரெண்டு வாரம் குடுங்க மாமா, அதுவரைக்கும் யாருக்கும் ஒரு ரூபா குடுக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். அந்த ரெண்டு வாரத்துல தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

பிஎஃப் வேற, பென்ஷன் வேற

நம்ம சம்பளத்துல 12 சதவீதம் பிஎஃப்க்குப் போகுது. கம்பெனியும் அதே 12 சதவீதம் போடுது. நம்ம பங்கு முழுசா பிஎஃப் கணக்குக்குப் போகும். கம்பெனி பங்குல மட்டும் 8.33 சதவீதத்தைப் பிரிச்சு, ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995ங்கற தனிப் பானையில போடறாங்க. இதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. 2014 செப்டம்பர் 1ல இருந்து 15,000 ரூபா சம்பளத்துக்குத்தான் கணக்கு. அதாவது மாசம் அதிகபட்சம் 1,250 ரூபா. அதுக்கு முன்னாடி உச்சவரம்பு 6,500 ரூபாதான்.

பிஎஃப் பணத்துக்கு வருஷா வருஷம் வட்டி ஏறும், பாஸ்புக்குல பார்க்கலாம். பென்ஷன் பானையில உங்க பேர்ல வட்டி ஏறாது. அங்க ஒரே ஒரு சூத்திரம்தான்: பென்ஷன் கணக்குக்கான சம்பளம், பெருக்கல் சர்வீஸ் வருஷம், வகுத்தல் 70. சம்பளம்ங்கறது கடைசி 60 மாசத்தோட சராசரி. 10 வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் மாசப் பென்ஷன் கிடைக்கும். ஒன்பதரை வருஷம் முடிச்சிருந்தா அதையும் 10ன்னு எடுத்துக்குவாங்க.

வேலையை விட்டு நின்னாலும் அந்த சர்வீஸ் செத்துப் போகாது. 58 வயசு வரைக்கும் அப்படியே காத்துக்கிட்டிருக்கும். அவசரம்னா 50 முடிஞ்சதும் கேட்கலாம். ஆனா 58க்கு எத்தனை வருஷம் குறையுதோ, ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் பிடிப்பாங்க. 58 வந்ததும் அந்தப் பிடித்தம் நிக்காது. அப்படிக் குறைச்ச தொகைதான் ஆயுசுக்கும்.

16 வருஷமா, 20 வருஷமா?

ரெண்டு வாரம் கழிச்சு லேப்டாப்போட திண்டிவனம் போனேன். மாமாவோட யுஏஎன் நம்பரைப் போட்டு உள்ள போனோம். "20 வருஷ சர்வீஸ் இருக்கும் பாரு"ன்னு மாமா சொல்லிட்டே இருந்தாரு. திரையில 16தான் காட்டுது. 2005 செப்டம்பர்ல தொடங்கி 2021 ஆகஸ்ட்ல முடியுது.

"மாமா, இதுக்கு முன்னாடி 2001ல இருந்து இன்னொரு கம்பெனியில இருந்தீங்களே, அது எங்க?"

மாமா கொஞ்ச நேரம் பேசல. அத்தை உள்ள போனதும் மெதுவா சொன்னாரு: "அத அப்பவே எடுத்துட்டேன்டா. உங்க சித்தி கல்யாணத்துக்கு."

2005ல சித்தி கல்யாணம். எனக்கு அப்போ எட்டு வயசு. பந்தலுக்கு அடியில ஓடி விளையாடினது நல்லா ஞாபகம் இருக்கு. அந்தப் பந்தலுக்கும் சமையலுக்கும் போன பணத்துல மாமாவோட நாலு வருஷப் பென்ஷன் சர்வீஸும் இருந்துச்சுன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. அப்போ அவர் கைக்கு வந்தது பதினாறாயிரத்துச் சொச்சம். "ஏதோ ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன், செக் வந்துச்சு"ன்னாரு.

அந்த ஃபார்ம் 10சி. பத்து வருஷத்துக்குக் குறைவா சர்வீஸ் இருக்கறவங்க அதுல ரெண்டுல ஒண்ணு கேட்கலாம். ஒண்ணு, பணத்தை மொத்தமா எடுத்துக்கறது. இன்னொண்ணு, திட்டச் சான்றிதழ் வாங்கி சர்வீஸை அப்படியே பாதுகாத்து வைக்கறது. ரெண்டாவதா ஒரு வழி இருக்குன்னு 2005ல மாமாவுக்கு யாரும் சொல்லல.

அந்த நாலு வருஷம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? 6,500 பெருக்கல் 4, வகுத்தல் 70. மாசம் 371 ரூபா, ஆயுசுக்கும். அதோட 58 வயசு வரை காத்திருந்து, 20 வருஷ சர்வீஸும் இருந்தா, கூடுதலா ரெண்டு வருஷம் போனஸ் சர்வீஸ் உண்டு. 16ல நிக்கறதால அதுவும் இப்போதைக்குக் கையில இல்ல.

நான் இதைக் கணக்குப் போட்டு வச்சேனே தவிர, மாமாகிட்ட அன்னிக்குச் சொல்லல. அவர் தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுத்த பணம் அது. அதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு?

51லயா, 58லயா?

இப்போ இருக்கற 16 வருஷத்துக்கு வருவோம். 2014 செப்டம்பருக்கு முன்னாடி 9 வருஷம், பின்னாடி 7 வருஷம். ரெண்டுக்கும் தனித்தனி உச்சவரம்பு, அதனால தனித்தனிக் கணக்கு.

முதல் 9 வருஷம்: 6,500 பெருக்கல் 9, வகுத்தல் 70. சுமார் 836 ரூபா.
அடுத்த 7 வருஷம்: 15,000 பெருக்கல் 7, வகுத்தல் 70. சரியா 1,500 ரூபா.
மொத்தம் 2,336 ரூபா. இது 58 வயசுல கிடைக்க வேண்டியது.

51லயே கேட்டா ஏழு வருஷம் குறையுது. வருஷத்துக்கு 4 சதவீதம் பிடிச்சா, கைக்கு வர்றது தோராயமா 1,700 ரூபா.

"முன்னாடியே எடுக்காதே, நஷ்டம்"னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா உட்கார்ந்து கணக்குப் போட்டா வேற மாதிரி வந்துச்சு. 51ல இருந்து 58 வரைக்கும் மாசம் 1,700 வாங்கினா, ஏழு வருஷத்துல 1,42,800 ரூபா கையில வந்திருக்கும். காத்திருந்தா 58க்கு அப்புறம் மாசம் 636 ரூபா கூட வரும். அந்த 636 சேர்ந்து சேர்ந்து 1,42,800ஐ எட்ட ஏறக்குறைய 19 வருஷம் ஆகும். அப்போ மாமாவுக்கு 77 வயசு.

இன்னொரு விஷயம், இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. அரசு ஊழியர் பென்ஷன் மாதிரி விலைவாசியோட ஏறாது. 58ல 2,336ன்னு நிர்ணயம் ஆனா, 70லயும் 2,336தான். இன்னிக்கு வர்ற 1,700க்கு வாங்கற அரிசி, 2040ல 2,336க்கு வாங்க முடியுமாங்கறது சந்தேகம்தான்.

அதனால வெறும் எண்ணை மட்டும் பார்த்தா, "எடுத்துக்குங்க மாமா"ன்னுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லவும் வாயெடுத்தேன்.

அத்தை கேட்ட கேள்வி

அப்போ காபியோட வந்த அத்தை, "சிப்காட்டுல வேலைக்குக் கூப்பிட்டாங்களே, அதுல சேர்ந்தாலும் இது வருமா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு அதுவரைக்கும் அந்த விஷயமே தெரியாது. திண்டிவனம் சிப்காட்டுல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பார்க்க ஆள் தேடறாங்களாம். மாமாவோட பழைய ஃபோர்மேன் சொல்லிவிட்டிருக்காரு. 15,000க்கு பிஎஃப் பிடிப்பாங்களாம். மாமா போட்ட திட்டம், பென்ஷனையும் வாங்கிக்கிட்டு அந்த வேலைக்கும் போறது.

ரெண்டும் சேர்ந்து வராது. 50க்கும் 58க்கும் நடுவுல பென்ஷன் கேட்கறவர், பிஎஃப் பிடிக்கற வேலையில இருக்கக் கூடாது. பென்ஷன் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தாலும், பென்ஷன் பானைக்குப் பணம் போகாது, சர்வீஸ் ஏறாது. பழைய கணக்கு மூடினது மூடினதுதான்.

பென்ஷனைத் தொடாம அந்த வேலையில சேர்ந்தா? நடுவுல நாலு வருஷம் சும்மா இருந்தது பிரச்சினையே இல்ல. அதே யுஏஎன்ல சேர்ந்தா பழைய 16 வருஷத்தோட புது சர்வீஸ் ஒட்டிக்கும். 58 வரைக்கும் ஏழு வருஷம் பார்த்தாருன்னா மொத்தம் 23. இன்னிக்கு இருக்கற உச்சவரம்புலயே கணக்குப் போட்டா, பழைய 836, அதுக்கு மேல 14 வருஷத்துக்கு 3,000. ஆக 3,836. 20 வருஷம் தாண்டிட்டதால ரெண்டு வருஷ போனஸ் இதுக்கு மேல தனியா வரும். 1,700 எங்க, 3,836 எங்க!

அத்தை அடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "அதுக்குள்ள இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நம்ம வீடுகள்ல இதை யாரும் சத்தமா கேட்க மாட்டாங்க. அத்தை கேட்டாங்க. பதில் இதுதான். வேலையில இருக்கும்போது இறந்தா மனைவிக்கு விதவைப் பென்ஷன் உண்டு, குறைஞ்சது மாசம் 1,000 ரூபா. 25 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைகளுக்கும் ரெண்டு பேர் வரை தனிப் பென்ஷன் உண்டு. பிஎஃப்போடயே ஒரு காப்பீடு இருக்கு, அதுல அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். ஹார்டுவேர் கடையில இது எதுவுமே கிடையாது. 10 வருஷ சர்வீஸ் முடிச்சவர் வேலையை விட்டுட்டு, பென்ஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, 58க்குள்ள இறந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. பென்ஷன் வாங்க ஆரம்பிச்ச பிறகு இறந்தா, அவர் வாங்கினதுல பாதி மனைவிக்கு. முன்னாடியே எடுத்துக் குறைச்சுக்கிட்டா, அந்தக் குறைவு அத்தை வரைக்கும் போகுது.

மாமா கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம், "அந்த வேலை ரெண்டு வருஷத்துல போயிடுச்சுன்னா?"ன்னாரு.

"அப்போ 53ல பென்ஷன் கேளுங்க மாமா. சர்வீஸும் ரெண்டு வருஷம் ஏறியிருக்கும், பிடித்தமும் குறைஞ்சிருக்கும். அந்தக் கதவு 58 வரைக்கும் திறந்துதான் இருக்கும். இன்னிக்குள்ள நுழைஞ்சுட்டா மட்டும்தான் திரும்பி வர முடியாது."

போன வாரம் மாமா சிப்காட் வேலையில சேர்ந்துட்டாரு. டீக்கடைக்காரருக்கு 3,000 ரூபா போகல. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாதுங்கறதை எல்லாரும் தெரிஞ்சுக்குங்க. பென்ஷனுக்கான 10டி படிவத்தை ஆன்லைன்லயே போடலாம். முடியாதவங்களுக்கு, ஒவ்வொரு மாசமும் 27ஆம் தேதி மாவட்டங்கள்ல 'நிதி ஆப்கே நிகட்'ங்கற பேர்ல பிஎஃப் அதிகாரிங்க முகாம் நடத்தறாங்க. 2025 ஜனவரியில இருந்து நாட்டுல எந்த வங்கிக் கிளையிலயும் இந்தப் பென்ஷனை வாங்கிக்கலாம்.

என் 35,760 ரூபாய்

இப்போ கேட்டுக்கிட்டிருக்கற உங்களுக்கு 25, 28 வயசு இருக்கும். இது மாமா கதைதானேன்னு நினைக்கலாம். என் கதையையும் சொல்லிடறேன்.

2019ல என் முதல் வேலை. அடிப்படைச் சம்பளம் 12,000. அதனால நான் பென்ஷன் திட்டத்துல உறுப்பினர். மாசம் 1,000 ரூபா பென்ஷன் பானைக்குப் போச்சு. மூணு வருஷம் கழிச்சு அந்த வேலையை விட்டேன். அடுத்த வேலை கிடைக்க மூணு மாசம் ஆச்சு. அந்த இடைவெளியில ஒரு ராத்திரி போனை நோண்டிக்கிட்டே பிஎஃப்பையும் பென்ஷனையும் சேர்த்து எடுத்துட்டேன். அதுல ஒரு புது போன் வாங்கினேன்.

போன வாரம்தான் கணக்குப் பார்த்தேன். மூணு வருஷத்துல என் பேர்ல பென்ஷனுக்குப் போனது 36,000 ரூபா. திரும்பி வந்தது 35,760. வட்டி இல்ல, அசலே 240 ரூபா குறைச்சல். ஏன்னா மொத்தமா எடுக்கும்போது, போட்ட பணத்தைத் திருப்பித் தர்றதில்ல. டேபிள் டின்னு ஒரு அட்டவணை இருக்கு. மூணு வருஷம்னா கடைசிச் சம்பளம் பெருக்கல் 2.98. அஞ்சு வருஷம்னா 5.02. ஒன்பது வருஷம்னா 9.33. அவ்வளவுதான்.

பணத்தை எடுத்ததோட என் உறுப்பினர் தகுதியும் முடிஞ்சுது. அடுத்த கம்பெனியில அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல. 2014 செப்டம்பருக்கு அப்புறம் அந்தச் சம்பளத்துல புதுசா சேர்றவங்களை இந்தத் திட்டத்துல சேர்க்க மாட்டாங்க. ஆக எனக்கு இந்தப் பென்ஷன் இனிமே இல்ல. கம்பெனி போடற முழுப் பங்கும் இப்போ என் பிஎஃப்க்கே போகுது, அதுக்கு வட்டியும் வருது. அதனால பெரிய நஷ்டம்னு புலம்ப மாட்டேன். ஆனா அது நான் யோசிச்சு எடுத்த முடிவு இல்ல. 2005ல மாமா ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது மாதிரி, 2022ல நான் ஓடிபி போட்டேன். என்ன, அவர் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணினாரு, நான் போன் வாங்கினேன். அந்த போன் இப்போ என்கிட்ட இல்ல.

இன்னிக்கே பார்க்க வேண்டியது

உங்க பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் பங்கு காலத்தைப் பாருங்க. பூஜ்யம்னா நீங்க இந்தத் திட்டத்துல இல்ல, அது தப்பில்லை. எண் இருந்தா நீங்க உள்ள இருக்கீங்க.

உள்ள இருக்கறவங்க கம்பெனி மாறும்போது பழைய கணக்கைப் புதுசுக்கு மாத்துங்க. சர்வீஸ் வரலாறுல எல்லாக் கம்பெனியும் இருக்கா, வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கான்னு பாருங்க. பேர்ல இனிஷியல் ஆதார்ல ஒரு மாதிரி, பிஎஃப்ல வேற மாதிரி இருக்கறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். இப்பவே சரி பண்ணுங்க, 58 வயசுல அலைய முடியாது. நாமினி பேரையும் பதிவு பண்ணுங்க.

வேலை போய், பணம் தேவைன்னா முதல்ல பிஎஃப்ல கை வைங்க, பென்ஷனைக் கடைசியா தொடுங்க. இதுல விதியும் மாறிக்கிட்டு வருது. வேலை போன ரெண்டு மாசத்துல பென்ஷன் பணத்தை எடுக்கலாம்ங்கறதை 36 மாசம்னு ஆக்க, 2025 அக்டோபர் 13ல நடந்த மத்திய அறங்காவலர் வாரியக் கூட்டத்துல முடிவு பண்ணினாங்க. அதனால விண்ணப்பிக்கற அன்னிக்கு எது நடைமுறையில இருக்குன்னு பார்த்துட்டுப் போங்க.

வீட்ல 50 தாண்டினவங்க, பாதியில வேலையை விட்டவங்க இருந்தா, அவங்க யுஏஎன்னைத் திறந்து பாருங்க. அவங்ககிட்ட "50லயா 58லயா"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, "இன்னும் பிஎஃப் வேலைக்குப் போற வாய்ப்பு இருக்கா?"ன்னு கேளுங்க. இருக்குன்னா காத்திருக்கறதுல அர்த்தம் இருக்கு. இல்லவே இல்லன்னா, வீட்டுக்குப் பணம் தேவைன்னா, 4 சதவீதத்துக்குப் பயந்து ஏழெட்டு வருஷம் கஷ்டப்பட வேண்டாம்.

அன்னிக்குச் சாயங்காலம் கிளம்பும்போது மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. விழுப்புரம் பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து, "அந்தக் கல்யாணப் பணம் விஷயத்தை உங்க சித்திகிட்ட சொல்லிடாதடா"ன்னாரு.

சொல்லல. சித்தி பாட்காஸ்ட் கேட்க மாட்டாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.